‘என் முன்னிலையில்’ என்று எழுதும் முன்

நோட்டரி சான்று கைக்கு வந்திருக்கும், வருமென்று காத்திருக்கும் இளம் வழக்கறிஞர்களுக்கு,

இது ஜனவரி முதல் வாரம். போன வருடம் நான் போட்ட கையெழுத்துகளையெல்லாம் எண்ணிக் கணக்கு எழுதி அரசுக்கு அனுப்ப வேண்டிய வாரம். நோட்டரி விதிகள் இந்த ஆண்டறிக்கையை ஜனவரி முதல் வாரத்திலேயே கேட்கின்றன. என் மேசையில் பதிவேடு விரிந்து கிடக்கிறது. ஒவ்வொரு வரியிலும் ஒரு பெயர், ஒரு முகவரி, எதிரே ஒரு கையெழுத்தோ கைநாட்டோ இருக்கிறது. அந்த முகங்களில் பலவற்றை இன்னும் என்னால் நினைவுகூர முடிகிறது. இந்தக் கடிதத்தை எழுதத் தோன்றியதே அதனால்தான்.

தென் மாவட்டத்தில் ஒரு தாலுகா ஊரில் வக்கீலாக இருக்கிறேன். பெண் வழக்கறிஞருக்கு 7 வருட அனுபவம் போதும் என்று விதி இருப்பதால் சற்று முன்னதாகவே விண்ணப்பிக்க முடிந்தது. பட்டியல் சாதியினர், பழங்குடியினர், இதர பிற்படுத்தப்பட்ட வகுப்பினருக்கும் 7 வருடம்தான், மற்றவர்களுக்கு 10. இந்த எண்கள் உங்களுக்குத் தெரிந்தவை. ஆனால் விண்ணப்பத்தின் கடைசியில் இருக்கும் அந்த ஐந்து கையெழுத்துகளை நீங்கள் எப்படி வாங்கினீர்கள் என்று கேட்க ஆசை.

ஒரு நீதித்துறை நடுவர், தேசியமயமாக்கப்பட்ட வங்கியின் மேலாளர், ஒரு வணிகர், உள்ளூரில் நாலு பேருக்குத் தெரிந்த இருவர். இந்த ஐவரும் உங்கள் மனுவில் மேலொப்பம் இட வேண்டும். ‘அது ஒரு சம்பிரதாயம்’ என்று சீனியர்கள் சொல்லியிருப்பார்கள். எனக்கும் அப்படித்தான் சொன்னார்கள். நான் போய் நின்றது பஜாரில் ஒரு பாத்திரக் கடையில். கடை முதலாளி மனுவை முழுக்கப் படித்தார், கண்ணாடியைக் கழற்றினார், “இதுல நான் எதுக்கும்மா?” என்று கேட்டார். அன்று எனக்குப் பதில் தெரியவில்லை.

பிறகுதான் புரிந்தது. நோட்டரி என்ற ஆளே கடைத்தெருவில் பிறந்தவர். உண்டியலும் பிராமிசரி நோட்டும் பில்லும் கைமாறும் இடத்தில், ‘இந்தத் தேதியில் இவரிடம் காட்டினேன், பணம் தர மறுத்தார்’ என்று இரு தரப்பிலும் சேராத ஒருவர் எழுதிவைக்க வேண்டியிருந்தது. 1881ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தில் நோட்டரியை நியமிக்கும் அதிகாரம் இருந்த பிரிவின் எண் 138. இன்று நாம் செக் பவுன்ஸ் வழக்குக்குச் சொல்லும் அதே எண்தான். 1952இல் நோட்டரிகளுக்குத் தனிச்சட்டம் வந்ததும் பழைய பிரிவை எடுத்துவிட்டார்கள், 1988இல் திருத்தம் செய்தபோது திரும்பிய காசோலை அந்த எண்ணில் வந்து உட்கார்ந்தது. 1952க்கு முன்னால், எல்லா வகை நோட்டரி வேலையும் செய்ய வேண்டுமென்றால் இங்கிலாந்தில் கேன்டர்பரி பேராயரின் சார்பில் இயங்கிய அதிகாரியிடமிருந்து இந்தியர்கள் நியமனம் வாங்க வேண்டியிருந்தது. சுதந்திர நாட்டுக்கு அது பொருந்தாது என்றுதான் 1952ஆம் ஆண்டுச் சட்டம் கொண்டுவரப்பட்டது. நடைமுறைக்கு வந்தது 1956 பிப்ரவரி 14.

ஆகவே பாத்திரக்கடைக்காரரின் கையெழுத்து சம்பிரதாயம் இல்லை. ‘இந்த ஆளை எனக்குத் தெரியும்’ என்று ஐந்து பேர் உங்களுக்காகச் சொல்கிறார்கள். இனி ஆயுசு முழுக்க நீங்கள் முன்பின் தெரியாதவர்களுக்காக, ‘இந்த ஆளை நான் பார்த்தேன்’ என்று சொல்லப் போகிறீர்கள். நமக்காக யாரோ சொன்னதை வைத்துத்தான் நாம் மற்றவர்களுக்குச் சொல்லும் தகுதியைப் பெறுகிறோம். அதன்பின் வரும் ஆட்சேபணை அறிவிப்பு, அந்தப் பகுதியில் ஏற்கெனவே எத்தனை நோட்டரிகள் இருக்கிறார்கள் என்ற கணக்கு, வணிகச் சட்டம் தெரியுமா என்ற கேள்வி, நேர்காணல் எல்லாம் நீங்கள் தாண்டி வந்தவை, தாண்டப் போகிறவை. மத்திய அரசு நியமனமா, மாநில அரசு நியமனமா என்பதில் எல்லை மட்டும்தான் மாறும், கடமை ஒன்றே. சான்று 5 வருடத்துக்கு. 1999 திருத்தத்துக்கு முன்பு 3 வருடமாக இருந்தது.

இனி நான் செய்த தவறைச் சொல்கிறேன். இதைச் சொல்லாமல் மற்றதைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை.

சான்று வாங்கி எட்டாவது மாதம். என் அலுவலகம் அப்போது மாடியில் இருந்தது. மதியச் சாப்பாட்டு நேரத்தில், பல வருடமாகப் பழகிய ஒரு குமாஸ்தா மூன்று அபிடவிட்டுகளைக் கொண்டுவந்தார். இரண்டில் ஆட்கள் வந்திருந்தார்கள். மூன்றாவதில் கைநாட்டு ஏற்கெனவே வைக்கப்பட்டிருந்தது. வீட்டின் மின் இணைப்பை மகன் பெயருக்கு மாற்றுவதில் தனக்கு ஆட்சேபணை இல்லை என்று ஒரு தாய் சொல்லும் பத்திரம். “பாட்டிக்கு நடக்க முடியாது மேடம், கீழ ஆட்டோல இருக்கு” என்றார். நான் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ‘என் முன்னிலையில் கையொப்பமிடப்பட்டது’ என்ற வரிக்குக் கீழே கையெழுத்துப் போட்டு முத்திரை வைத்தேன்.

ஐந்து மாதம் கழித்து, நடக்க முடியாத அந்தப் பாட்டி பதினேழு படி ஏறி என் அறைக்குள் வந்து நின்றார். கூட மகள். கையில் அந்தப் பத்திரத்தின் ஜெராக்ஸ். “நீதானம்மா இந்த முத்திரை?” என்றார். ஆமாம் பாட்டி என்றேன். என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “உன்னை நான் இப்பதான் பாக்கேன்” என்றார்.

அவர் சத்தம் போடவில்லை, சாபம் விடவில்லை. அந்த ஒரு வாக்கியம்தான். கைநாட்டு வைக்கப்பட்ட நாளில் அவர் வேறு ஊரில் மகள் வீட்டில் இருந்திருக்கிறார். மின் இணைப்பு மாறியதும், அதையே அனுபவத்துக்கு ஆதாரமாகக் காட்டி மகன் வீடு முழுதும் தன்னுடையது என்று வழக்குப் போட்டிருந்தார். நான் எழுதிக் கொடுத்தேன், அவர் என் முன் வரவில்லை என்று. கூண்டில் ஏறி அதையே சொன்னேன். ‘உங்கள் பதிவேட்டில் அவருடைய கையொப்பக் கட்டம் காலியாக இருக்கிறதே, ஏன்?’ என்று குறுக்கு விசாரணையில் கேட்டார்கள். கேட்டவர் எதிர்த்தரப்பு வக்கீல். நியாயமான கேள்வி. பதிலாகச் சொல்ல என்னிடம் உண்மை மட்டும்தான் இருந்தது. அரசுக்கும் நானே எழுதினேன். விசாரணை நடந்தது, எச்சரிக்கையோடு விட்டார்கள். நிரந்தரமாகத் தடை செய்யவோ, குறிப்பிட்ட காலத்துக்கு நிறுத்திவைக்கவோ விதியில் இடமிருக்கிறது. இணைப்பு பழையபடி பாட்டி பெயருக்கு வர ஒன்றரை வருடம் ஆனது. அதற்குள் அவர் அந்த வீட்டுக்குத் திரும்பும் ஆசையையே விட்டுவிட்டார்.

அலுவலகத்தைத் தரைத்தளத்துக்கு மாற்றினேன். ஆட்டோவில் இருக்கிறார் என்றால் பதிவேட்டையும் மைப்பெட்டியையும் எடுத்துக்கொண்டு ஆட்டோவுக்குப் போகிறேன்.

முன்னிலை என்ற சொல்லைப் பற்றி அதற்குப் பிறகு நிறைய யோசித்திருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் இலக்கணத்தில் படித்திருப்பீர்கள்: தன்மை, முன்னிலை, படர்க்கை. முன்னிலை என்றால் எதிரே இருப்பவர், ‘நீ’ என்றும் ‘நீங்கள்’ என்றும் கூப்பிடக்கூடியவர். இல்லாதவரை அப்படிக் கூப்பிட முடியாது, அவர் படர்க்கை. பத்திரத்தில் ‘என் முன்னிலையில்’ என்று எழுதுகிறோமே, அதன் பொருள் இந்த மனிதரை நான் ‘நீங்கள்’ என்று கூப்பிட்டேன், அவர் என்னிடம் பதில் சொன்னார் என்பதுதான். நம் தொழிலில் மற்றதெல்லாம் இதிலிருந்து கிளைத்தவை. இது இல்லாவிட்டால் அந்த வட்ட முத்திரை வெறும் மை.

அந்த வட்டத்தின் அளவையும் விதி சொல்கிறது: விட்டம் 5 சென்டிமீட்டர், உள்ளே உங்கள் பெயர், பகுதி, நோட்டரி என்ற சொல், நியமித்த அரசின் பெயர். உங்கள் கையொப்பமும் இந்த முத்திரையும் சேர்ந்தால்தான் அது நோட்டரிச் செயல், ஒன்று இருந்து மற்றொன்று இல்லையென்றால் சட்டத்தின் கண்ணில் எதுவும் நடக்கவில்லை. ஆனால் இரண்டும் சேர்ந்துவிட்டால் அதன் பலம் பெரிது. நோட்டரி முன் எழுதப்பட்டு அவர் உறுதிசெய்த பவர் பத்திரத்தை, அப்படியே எழுதப்பட்டதாக நீதிமன்றம் அனுமானித்தாக வேண்டும். பழைய சாட்சியச் சட்டத்தில் 85ஆவது பிரிவு, 2024 ஜூலை முதல் நடப்பில் இருக்கும் புதிய சட்டத்தில் 84. ‘அனுமானிக்கலாம்’ என்றில்லை, ‘அனுமானிக்க வேண்டும்’. அதாவது, பொய் என்று சொல்பவர்தான் நிரூபிக்க வேண்டும். பாட்டியினுடையது பவர் பத்திரம் இல்லைதான், ஆனாலும் மாடிப்படி ஏறிவந்த அவர் தலையில் நான் தூக்கி வைத்தது அதே மாதிரிச் சுமையைத்தான்.

அதனால் முத்திரையைப் பூட்டி வையுங்கள். குமாஸ்தா நல்லவர்தான், நம் வீட்டுப் பிள்ளை மாதிரிதான். இருந்தாலும் முத்திரை அவர் கையில் இருக்கக் கூடாது. கையெழுத்துப் போட்ட வெற்றுத்தாள் ஒன்றுகூட உங்கள் மேசையில் இருக்கக் கூடாது. ஸ்டாம்ப் வெண்டர் கடையிலும், தாலுகா அலுவலக வாசலில் டைப் அடிக்கிற இடத்திலும் ‘நோட்டரி போட்ட’ பத்திரம் தயாராகக் கிடைக்கிறது என்றால், எங்கோ ஒரு நோட்டரி தன் முத்திரையை வாடகைக்கு விட்டிருக்கிறார் என்று பொருள். அதைக் கேட்டால் எனக்குக் கோபம் வருகிறது, மறைக்கவில்லை.

பதிவேட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். வரிசை எண், தேதி, என்ன செயல், யார், முழு முகவரி, பத்திரத்தின் பொருள், ஒட்டிய நோட்டரி ஸ்டாம்ப், விதிப்படி கட்டணம், வாங்கிய கட்டணம், ரசீது எண், வந்தவரின் கையொப்பம், உங்கள் கையொப்பம். இந்தக் கட்டங்கள் உங்களைத் துன்புறுத்துவதற்காக வரையப்பட்டவை அல்ல. பதினைந்து வருடம் கழித்து நீதிமன்றம் கூப்பிடும்போது உங்கள் நினைவு உதவாது, இந்த வரி ஒன்றுதான் உதவும். அன்றைக்கன்றே எழுதுங்கள். எங்கள் பக்கம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு: ‘பின்னால் தேவைப்படும்’ என்று நடுவில் நான்கு வரி விட்டு வைப்பது. முன்தேதியிட்ட பத்திரத்துக்கு இடம் ஒதுக்குவதற்குத்தான் அது. ஒருவர் வந்து, “தேதியை மட்டும் போன மார்ச்னு போடுங்க மேடம், எவ்வளவு வேணும்னாலும் தரேன்” என்றால், வரி விட்டு வைத்தவருக்கு மறுக்கக் காரணம் கிடைக்காது. தொடர்ச்சியாக எழுதியவர் பதிவேட்டைத் திருப்பிக் காட்டினால் போதும். மாவட்ட நீதிபதியோ அரசு நியமிக்கும் அதிகாரியோ வருடத்துக்கு இரண்டு முறைவரை இதைப் பார்வையிடலாம். அவர்கள் வரும் நாளுக்காக எழுதாதீர்கள், பாட்டி வரும் நாளுக்காக எழுதுங்கள்.

அடையாள அட்டையை வாங்கிப் பாருங்கள், படத்தையும் முகத்தையும் ஒப்பிடுங்கள், அட்டையின் கடைசி நான்கு இலக்கங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர் என்றால் முழுப் பத்திரத்தையும் அவருக்குத் தெரிந்த பேச்சில் படித்துச் சொல்லி, புரிந்ததா என்று கேட்டு, ‘படித்துக் காட்டப்பட்டது, விளங்கிக்கொண்டு கைநாட்டு வைத்தார்’ என்று எழுதுங்கள். படிக்காமல் அந்த வரியை எழுதுவது முதியவர்களுக்கு இந்த ஊரில் நடக்கும் பெரிய அநியாயங்களில் ஒன்று. வயதானவரோடு யாராவது வந்திருந்தால், கூட வந்தவரை ஐந்து நிமிடம் வெளியே உட்காரச் சொல்லுங்கள். “இது உங்க விருப்பம்தானா? யாரும் கட்டாயப்படுத்துறாங்களா?” என்று தனியாகக் கேளுங்கள். கேட்ட பிறகு அழுதவர்கள் உண்டு, பத்திரத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு கிளம்பியவர்களும் உண்டு. வீடியோ காலில் காட்டுகிறோம் என்பவர்களுக்கு நான் சம்மதிக்காததும் இதனால்தான். திரைக்கு அந்தப் பக்கம் யார் உட்கார்ந்து மிரட்டுகிறார் என்று எனக்குத் தெரியாது.

சத்தியம் செய்து வைப்பதும் நம் வேலை. சிவில் வழக்குக்கான அபிடவிட்டை நோட்டரி முன் எடுக்கலாம் என்று 1976 திருத்தம் நமக்குக் கொடுத்த அதிகாரம் அது. அந்தச் சத்தியத்தை யாராவது வாய்விட்டுச் சொல்லிப் பார்த்திருக்கிறீர்களா? பத்திரம் வரும், முத்திரை விழும், சத்தியம் செய்தவர் தான் சத்தியம் செய்ததையே அறியாமல் போவார். நான் எழுந்து நிற்கச் சொல்கிறேன். கடவுள் நம்பிக்கை உள்ளவர் கடவுளைச் சாட்சி வைக்கிறார், இல்லாதவர் மனசாட்சிப்படி உறுதி சொல்கிறார். “இதில் உள்ளதெல்லாம் நான் அறிந்தவரை உண்மை” என்று அவர் வாயால் சொல்ல வேண்டும். ஒருமுறை ஒரு நடுத்தர வயதுக்காரர், வாரிசு சான்றுக்கான அபிடவிட்டில், அப்பாவுக்கு மூன்றே பிள்ளைகள் என்ற வரி வந்ததும் நிறுத்திவிட்டார். கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தார். “இன்னொரு அக்கா இருக்கு மேடம், கல்யாணம் கட்டி வடக்க போயிருச்சு, அதைச் சேர்க்கல” என்றார். கிழித்து வேறு எழுதினோம்.

உள்ளே எழுதியிருப்பது உண்மை என்று நாம் சான்று சொல்வதில்லை. இன்னார் வந்தார், உண்மை என்று சொன்னார், கையெழுத்திட்டார், அவ்வளவுதான் நம் சான்று. மக்களுக்கு இந்த வித்தியாசம் தெரியாது, அதனால் விளையும் கேடுதான் அதிகம். ‘நோட்டரி போட்டாச்சு’ என்றால் காரியம் முடிந்தது என்று நம்புகிறார்கள்.

பத்தொன்பது, இருபது வயதில் ஒரு பையனும் பெண்ணும் வருவார்கள், முத்திரைத்தாளில் கல்யாணம் என்று எழுதி முத்திரை கேட்பார்கள். நம் முத்திரை யாரையும் கணவன் மனைவி ஆக்காது. 2024 அக்டோபரில் மத்திய சட்டத்துறையே, திருமண, விவாகரத்துப் பத்திரங்களை நோட்டரிகள் செய்யக் கூடாது என்று எழுதி அனுப்பியது. ஆனால் முடியாது என்று மட்டும் சொல்லி அனுப்பாதீர்கள். வயதுச் சான்றைப் பாருங்கள். தமிழ்நாட்டில் இந்து திருமணச் சட்டத்தில் 1967இல் சேர்த்த 7ஏ பிரிவின்படி உறவினர், நண்பர் முன்னால் மாலை மாற்றியோ மோதிரம் போட்டோ செய்துகொள்ளும் சுயமரியாதைத் திருமணம் செல்லும் என்று சொல்லுங்கள். 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி எந்தத் திருமணமானாலும் பதிவு கட்டாயம் என்று சொல்லி சார்பதிவாளர் அலுவலகத்துக்கு வழி காட்டுங்கள். அந்தப் பெண் நாளை ஜீவனாம்சம் கேட்டு நிற்கும்போது இந்தப் பத்திரம் அவளுக்கு ஒன்றும் செய்யாது என்பதை அன்றே அவளிடம் சொல்ல வேண்டியது நாம்தான்.

இதற்கு மறுபக்கம் ‘தீர்த்துவிட்ட’ பத்திரம். ஊர்ப் பெரியவர்கள் பேசி முடித்துவிட்டோம், நோட்டரி மட்டும் போட்டுக்கொடுங்கள் என்று வருவார்கள். வழக்காற்றுப்படியான மணமுறிவுக்குச் சட்டத்தில் இடமில்லாமல் இல்லை. ஆனால் அப்படி ஒரு வழக்காறு தங்கள் சமூகத்தில் உண்டு என்பதை நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டும். நம் முத்திரை அதை நிரூபிக்காது. இதை நம்பிப் பிரிந்த இருவரும் மறுமணம் செய்துகொண்டால் விழும் அடி பெரும்பாலும் அந்தப் பெண்ணின் தலையில்தான்.

நிலம் இன்னும் மோசம். 100 ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள அசையாச் சொத்தின் விற்பனை பதிவுசெய்யப்பட வேண்டும். நோட்டரி போட்ட கிரயம் கிரயமே இல்லை. பொது அதிகாரப் பத்திரத்தை வைத்து நடக்கும் ‘விற்பனை’ உரிமையை மாற்றாது என்று 2011இல் சூரஜ் லாம்ப் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. இன்னொன்றும் பலருக்குத் தெரிவதில்லை. பத்திரத்தைப் பதிவுக்குத் தாக்கல் செய்ய ஒருவர் பவர் கொடுக்கிறார் என்றால், அவர் இந்தியாவில் இருந்தால் சார்பதிவாளர் முன்தான் அதை எழுதிக்கொடுக்க வேண்டும், நாம் போடுவது அதற்குச் செல்லாது. வெளிநாட்டில் இருப்பவருக்குத்தான் அங்குள்ள நோட்டரியோ இந்தியத் துணைத் தூதரகமோ போதும். துபாயிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வரும் அந்தப் பவர்களுக்கு, இங்கே வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். இது தெரியாமல் ஆறு மாதம் பீரோவில் வைத்துவிட்டு வந்து நிற்பவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

யாழ்ப்பாணத்துக்காரர்கள் யாராவது வந்தால் குழப்பம் வேறு மாதிரி. அங்கே நொத்தாரிசு என்பவர் உறுதி எழுதுபவர். 1840ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டப்படி, அவர் முன்பும் இரண்டு சாட்சிகள் முன்பும் கையெழுத்தானால்தான் காணி கைமாறும். அதே நினைவில் இங்கே நம்மிடம் நிலப் பத்திரம் கொண்டுவருவார்கள். பொறுமையாக விளக்க வேண்டும்.

உண்மை நகல் கேட்டு வருபவர்களிடம் அசலைக் கேளுங்கள். ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸை ஒப்பிட்டுச் சான்று தருவது நடக்கிறது. பெரியபுராணத்தில் திருவெண்ணெய்நல்லூர் வழக்கை நினைத்துக்கொள்வேன். சுந்தரர் கிழித்துப் போட்டது படியோலை, மூல ஓலையைச் சபையில் காட்ட, எதிர்த்து வழக்காடிய கிழவர் பத்திரமாக வைத்திருந்தார். சபையாரும் அதை அப்படியே ஏற்கவில்லை, சுந்தரருடைய பாட்டனாரின், காப்பிலிருந்த வேறொரு கையெழுத்தைக் கொண்டுவரச் சொல்லி ஒப்பிட்டுப் பார்த்தார்கள். எதிரே வழக்காடியது சிவபெருமான் என்பது அவர்களுக்குத் தெரியாது, தெரிந்திருந்தாலும் ஒப்பிட்டிருப்பார்கள் என்றே நம்ப விரும்புகிறேன்.

இந்த நகல் வேலையில் இன்று நிறையப் பேர் வெளிநாடு போகிறவர்கள்தான். அப்போஸ்டில் உடன்படிக்கை இந்தியாவில் 2005 ஜூலை 14 முதல் நடப்பில் இருக்கிறது. நம் முத்திரை அந்த வரிசையில் முதல் படி. நர்ஸ் வேலைக்குப் போகும் ஒரு பெண்ணின் பத்திரத்தில் நாம் ஓர் எழுத்தைச் சரிபார்க்காமல் விட்டால், அவள் அதை அறிவது கடல் தாண்டிய பிறகு. மொழிபெயர்ப்பைச் சரிபார்ப்பதும் சட்டம் நமக்குக் கொடுத்த வேலை. இரண்டு மொழியும் தெரியாத பத்திரத்தில் கை வைக்காதீர்கள்.

தூத்துக்குடியில் தொழில் செய்யப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நோட்டரிச் சட்டத்தின் 8ஆவது பிரிவில் கப்பல் முறையீடு என்று ஒன்று இருக்கிறது. புயலில் சிக்கிய கப்பலின் தலைவர் துறைமுகம் வந்ததும், சரக்குக்கு நேர்ந்த சேதம் தன் தவறால் அல்ல என்று நோட்டரி முன் பதிவுசெய்வது. அதை எழுதத் தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். பழைய நோட்டரி யாராவது அங்கே இருந்தால் அவரிடம் போய் உட்கார்ந்து கற்றுக்கொள்ளுங்கள். நீதிமன்றம் பணித்தால் சாட்சியம் பதியும் ஆணையராகவும், சமரசராகவும், நடுவராகவும் செயல்பட 1999 திருத்தம் வாய்ப்புக் கொடுத்திருக்கிறது. அந்தக் கதவை நம்மில் அதிகம் பேர் தட்டியதில்லை.

கட்டணத்தைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. விதியில் உள்ள தொகை இன்றைய வாடகைக்கும் பதிவேட்டுச் செலவுக்கும் போதாது, அதை உயர்த்தச் சொல்லி நாம் கேட்க வேண்டும், சங்கங்கள் மூலமாகக் கேட்க வேண்டும். ஆனால் உயரும்வரை, அறைக்கு உள்ளேயும் வெளியேயும் கட்டணப் பட்டியலை மாட்டுங்கள், ரசீது கொடுங்கள். விதி சொல்வதும் அதுதான். பக்கத்தில் ஒருவர் ஆளைப் பார்க்காமல், பதிவேட்டில் ஏற்றாமல், பாதி விலைக்குப் போடுகிறார் என்று உங்களிடம் வருபவர் அங்கே போவார். போகட்டும். முதல் இரண்டு வருடம் எனக்கும் அப்படித்தான் போனார்கள். பிறகு வங்கிகளிலிருந்து அனுப்பத் தொடங்கினார்கள். அங்கே போட்டால் ஆளைப் பார்த்துத்தான் போடுவார் என்று.

நோட்டரி தன் வேலையில் செய்த குற்றத்துக்கு, அரசு அதிகாரம் கொடுத்த அதிகாரி எழுதிக்கொடுக்கும் புகாரின் பேரில் மட்டுமே நீதிமன்றம் வழக்கெடுக்க முடியும் என்று நோட்டரிச் சட்டத்தின் 13ஆவது பிரிவு சொல்கிறது. சிலர் இதைக் கேடயம் என்பார்கள். நேர்மையாகச் செய்து தவறாக மாட்டிக்கொண்டவருக்கு அது கேடயமாக இருக்கட்டும். ஆளைப் பார்க்காமல் போட்டவர் அதன் பின்னால் ஒளிவதை நான் ஏற்க மாட்டேன். எனக்கும் அப்படி ஒளிய யோசனை சொன்னார்கள்.

போன வாரம் பழைய பதிவேடு முடிந்தது. புதியது வாங்கியிருக்கிறேன். பயன்படுத்தத் தொடங்கும் முன் முதல் பக்கத்தில் மொத்தம் எத்தனை பக்கம் என்று எழுதி, தேதியிட்டுக் கையெழுத்திட வேண்டும் என்பது விதி. அச்சடித்த எண்ணை நம்பாமல் நானே ஒவ்வொன்றாகத் திருப்பி எண்ணினேன். 200. எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். உங்கள் முதல் பதிவேட்டையும் நீங்களே எண்ணுங்கள். சனிக்கிழமைகளில் மாலை நான்கு மணிக்கு மேல் என் அலுவலகத்தில் இருப்பேன். பக்கத்து ஊர்க்காரர்கள் வந்தால் பழைய பதிவேடுகளை எடுத்துக் காட்டுகிறேன். அந்தக் காலியான கட்டத்தையும் காட்டுகிறேன்.

அன்புடன்,
தரைத்தளத்தில் இருக்கும் உங்கள் அக்கா